காட்டுயிர்ப் பதிவுச் செயலிகள்

காட்டுயிர்ப் பதிவுச் செயலி என்பது வெளியில் காணும் உயிரினத்தின் ஒளிப்படம், நாள், இடம் ஆகியவற்றைக் கைப்பேசி வழியாகப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க உதவும் மென்பொருளாகும். 2002இல் தொடங்கிய இபேர்டு பறவைகளுக்கும், 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் எல்லா உயிரினங்களுக்கும் உரியவை.

காரைக்கால்மேடு போன்ற சோழமண்டலக் கடற்கரை ஊர்களில் இவற்றின் பயன் தெளிவாகும். பங்குனி ஆமைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இக்கடற்கரையில் முட்டையிடுகின்றன. சில இறந்தும் ஒதுங்குகின்றன. 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கானவை அவ்வாறு ஒதுங்கின. உடல் புதைக்கப்பட்டதும் சான்று மறைந்துவிடும். நாளும் இடமும் கொண்ட படமே எஞ்சும்.

இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் பதிவு செய்து, பின்னர் தரவேற்றலாம். இனப்பெயரைப் பிற பயனர்கள் சரிபார்ப்பர். அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் துல்லியமான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடும். முட்டையிடக் கரையேறும் ஆமையை வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுக்கக் கூடாது. அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும்.