கல்லில் வெட்டிய கணக்கு

சென்ற திங்கள் உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. காலை பத்து மணிக்குக் கூட்டம் எனச் சாற்றியிருந்தும், நண்பகல் வரை கோரம் சேரவில்லை. ஐந்தொகைப் படிகள் மேசைமேல் அடுக்கியபடியே இருந்தன; எடுத்துப் பார்ப்பார் இலர். வேறு வழியின்றிக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வந்திருந்த சிலருள் சாலவாக்கத்து உழவர் ஒருவர், முதியவர், என் மனச்சோர்வைக் கண்டார் போலும். “வந்தது வந்தீர்கள்; வெறுமனே திரும்பாதீர்கள் ஐயா. பொங்கலுக்கு எங்கள் பெருமாள் போகிற வழியே ஒரு நடை போய் வாருங்கள்” என்றார். அவர் சொற்படியே புறப்பட்டேன்.

பொங்கல் திருநாளை ஒட்டி நடைபெறும் பார்வேட்டை விழாவை இப்பகுதி அங்கத்தினர்கள் நன்கறிவர். காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்து மலைக்கு எழுந்தருளி, பின் இலட்சுமி நரசிம்மருடன் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். சாலவாக்கம் சீனிவாசப் பெருமாளும், காவாந்தண்டலம் இலட்சுமி நாராயணப் பெருமாளும் அங்கு வந்து சேர, திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாளுடன் ஐவரும் ஒருங்கே காட்சி தருவர். ஊர்தோறும் தனித்தனியே உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் கூடும் வழக்கத்தை நம் முன்னோர் தெய்வங்களுக்கும் வைத்திருக்கின்றனர்.

நான் சென்றது விழாக்காலமன்று. பழையசீவரத்து மலையில் ஆடு மேய்க்கும் சிறுவர் இருவரைத் தவிர ஒருவருமில்லை. காஞ்சி வரதரின் மூலத் திருமேனி இம்மலையிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டது என்பது ஊர் மரபு. மேலே நின்று நோக்கினால், செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கும் இடம் தெரிகிறது. மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அன்று நான் கண்டது பெரும்பாலும் மணல்தான். நீர் கண்ணுக்குத் தெரியாத ஆற்றங்கரையில் வாழும் உழவனுக்கு ஏரியே துணை. ஏரிக்கு ஊரே துணை.

ஆற்றுக்குத் தென்கரையில் திருமுக்கூடல். அக்கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு 55 நீண்ட வரிகளில் ஓடுகிறது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், ‘வீரசோழன்’ என்னும் மருத்துவமனையும் நடந்ததை அது கூறுகிறது. மருத்துவமனைக்குப் படுக்கை 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர். இவர்களுக்கெல்லாம் ஊதியம் குறித்திருக்கிறது. இரவில் எரியும் விளக்கின் எண்ணெயையும் விட்டுவைக்கவில்லை. கணக்குப் புத்தகங்களைப் புரட்டியே காலங்கழிக்கும் எனக்கு, அச்சுவரின்முன் நின்றபோது தலைதாழ்த்தத் தோன்றிற்று. தருமம் செய்தவர் பலர். தருமத்துக்குக் கணக்கு எழுதிவைத்தவர் சிலரே.

மறுநாள் உத்திரமேரூர் சென்றேன். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள குடவோலைச் சாசனங்களைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் இலர். எனினும் நேரில் நின்று படித்தபோது அவை எனக்குத் துணைவிதிகளாகவே தோன்றின. முதற் சாசனம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 921இல், அதனைத் திருத்தி விரித்து மற்றொன்று செய்தனர். இரு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்தார். ஆகவே எங்கள் உத்தியோகமும் புதியதன்று!

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். விவரமறியாச் சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான்; அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படிப்பான்; அங்குள்ளோர் யாவரும் படிப்பர். ஒளிக்க இடமில்லை. இவ்வாறு சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமைந்தனர். பதவி 360 நாள் மட்டுமே. முந்தைய மூன்றாண்டில் வாரியஞ் செய்தவர் மீண்டும் வர இயலாது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சில் தைத்தது ஒரு விதி. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பலரின் பெயரையும் இடலாகாது. கணக்குக் காட்டாமையைக் களவு முதலிய குற்றங்களோடு ஒருங்கே வைத்து எண்ணினர்.

பழம்பெருமை பேசுவதோடு நின்றுவிடல் நன்றன்று. அது அந்தணர் ஊர்ச் சபை. கால் வேலிக்கு மேல் வரியுள்ள நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக்கல்வியும் கேட்டனர். கல்வி மிகுந்தார்க்கு நில அளவைக் குறைத்தனர். பெண்டிர் பெயரோ, தறி நெய்வார் பெயரோ, உழுகூலியாள் பெயரோ அக்குடத்தில் விழவில்லை. அவர்களுக்கும் இடம் தந்தது கூட்டுறவு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நாட்டின் மிகப் பழைய நகரச் சங்கங்களுள் அது ஒன்று. பங்கு ஒன்றாயினும் நூறாயினும் அங்கத்தினர்க்கு வாக்கு ஒன்றே என்பது நம் கொள்கை. சோழர் காலத்துச் சபை கொடாத உரிமை இது.

ஆனால் உரிமையுடையார் வாராத சபைக்கு என்ன மதிப்பு? நூல் இருப்பு எவ்வளவு, உரம் விற்ற பணம் எங்கே, தவணை தவறிய கடன் யாரிடம் என்று கேட்கவேண்டியவர் அங்கத்தினரே. தணிக்கையாளர் ஆண்டுக்கொருமுறை வந்து போவார், குறையைக் குறிப்பார். அந்தக் குறிப்பைப் படித்துக் கேள்வி கேட்பார் இல்லையேல் அது வெறுங் காகிதமே. சங்கங்கள் நலிவது களவாலன்று, பெரும்பாலும் கேளாமையால் என்பதை என் சிறு அனுபவத்திலேயே கண்டிருக்கிறேன். கேளாத இடத்தில்தான் களவும் துணிகிறது.

திரும்பும் வழியில் சாலவாக்கத்து முதியவரைக் கண்டு நன்றி கூறினேன். “பெருமாள் ஆற்றைக் கடந்து வருகிறார். நம்மவர்க்குத் தெருவைக் கடந்து வர முடியவில்லை” என்றார். ஒத்திவைத்த கூட்டத்துக்கு மீண்டும் அறிவிப்பு வரும். அங்கத்தினர் அனைவரும் வருக. ஐந்தொகையைக் கையில் எடுத்துப் படிக்க. விளங்காத இடத்தில் எழுந்து நின்று கேட்க.