ஐந்து கிலோ அரிசியைத் தாங்குமா உங்கள் துணிப்பை?

கல்யாணத் தாம்பூலப் பை இல்லாத வீடு தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. மணமக்கள் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை, புதுமனைப் புகுவிழாவில் கொடுத்த பச்சைப் பை, ஜவுளிக்கடைக் கட்டைப்பை என எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஆனால், காய்கறி வாங்கக் கிளம்பும்போது துழாவினால் உருப்படியாக ஒன்று கிடைக்காது. ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு... இவ்வளவுதான் அந்தப் பைக்குக் கணக்கு. இரண்டு கிலோ வெங்காயத்தைப் போட்டால் காது பிய்ந்துவிடும். கடைசியில் கடைக்காரர் நீட்டும் கேரி பேக்தான் வீட்டுக்கு வரும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. ஒரு காலத்தில் 'மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்' என்று கிராமத்துக்காரர்களைக் கேலி செய்த நகரம், அதே பையைக் காசு போட்டு வாங்கியது நல்ல வேடிக்கைதான்.

ஆனால், துணிப்பை என்பதாலேயே அது பூமிக்கு நல்லதாகிவிடாது. பருத்தி விளைவிக்கத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். நூற்க, நெய்ய, சாயமேற்ற மின்சாரம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, ஒரு புதிய பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் அது மேலானதாக இருக்கும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போனால் இரண்டரை வருடம்! சாக்கடை அடைப்பதும், மாட்டின் வயிற்றுக்குள் போவதும் இந்தக் கணக்கில் வராதவை. அவற்றையும் பார்த்தால் துணிப்பைதான் நல்லது. ஆனாலும், இரண்டு மாதத்தில் பிய்ந்துபோகும் பைகளை மேலும் மேலும் வாங்குவதில் அர்த்தமில்லை என்பது புரிகிறதல்லவா? ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய துணியில், வருடக்கணக்கில் உழைக்கும்படி ஒரு பையை நாமே தைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒரு பை எங்கே பிய்கிறது? நடுத்துணி கிழிந்து குப்பைக்குப் போகும் பை குறைவு. முதலில் போவது கைப்பிடி சேரும் இடம். அடுத்தது உள்ளே இருக்கும் தையல் ஓரம். ஓரத்து நூல் பிரிந்து பிரிந்து, ஒருநாள் தையலே விட்டுவிடும். தையற்கடையில் இதற்கு ஓவர்லாக் அடித்துவிடுவார்கள். வீட்டில் அந்த மெஷினுக்கு எங்கே போவது? அங்கேதான் லைனிங் கைகொடுக்கிறது. உள்ளே இன்னொரு துணி கொடுத்துத் தைத்தால் பிசிறு ஓரங்கள் எல்லாம் இரண்டு துணிகளுக்கும் நடுவே மறைந்துவிடும். லைனிங்கை அழகுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். ஓவர்லாக் இல்லாத வீட்டுக்கு அது அவசியம். சாவியும் கொத்தமல்லி வேரும் நூலில் சிக்கி இழுக்காமல் இருப்பது கூடுதல் லாபம்.

வெளித்துணிக்குக் கனமான காடா துணி, பழைய திரைச்சீலை, ஜீன்ஸ் எதுவும் சரி. லைனிங்குக்கு நைந்துபோகாத பருத்திப் புடவை, வேட்டி அல்லது தைக்காமல் கிடக்கும் பிளவுஸ் பிட். பழைய புடவையை வெட்டும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்து தேய்ந்த பகுதி சல்லடைபோலத் தெரியும். அதைத் தவிர்த்துவிட்டு மற்ற இடத்தில் வெட்டுங்கள். வழுக்கும் சிந்தெடிக் புடவை முதல்முறை தைப்பவர்களுக்கு வேண்டாம். குண்டூசி குத்திக் குத்தியே பொறுமை போய்விடும்.

புதிய காடா துணி என்றால் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அயர்ன் செய்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால், முதல் சலவையில் வெளித்துணி சுருங்கி, லைனிங் சுருங்காமல், பை கோணிக்கொண்டு நிற்கும்.

அளவு இதுதான்: வெளித்துணியில் 17 அங்குலத்துக்கு 17 அங்குலமாக இரண்டு சதுரம், லைனிங்கிலும் அதே அளவில் இரண்டு. கைப்பிடிக்கு 4 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை. தோளில் மாட்ட வேண்டுமென்றால் 30 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் வாங்கினால் வெளித்துணியும் கைப்பிடியும் போக, உள்ளே ஒரு சின்ன பாக்கெட் வைக்கவும் மிச்சமிருக்கும். கைப்பிடிப் பட்டையை மட்டும் துணியின் நீளவாக்கில், அதாவது கரைக்கு இணையாக வெட்டுங்கள். பாவு நூல் ஓடும் திசை அது. இழுத்தால் அவ்வளவாக நீளாது. செட்டிநாட்டுக் கண்டாங்கிபோல அடர்த்தியான கரையுள்ள பருத்திப் புடவை இருந்தால், அந்தக் கரையே அருமையான கைப்பிடி. ஜீன்ஸ் துணியில் மட்டும் கைப்பிடி வேண்டாம். நாலு மடிப்பு ஜீன்ஸோடு பையும் சேர்ந்தால் வீட்டு மெஷின் திணறும்.

லைனிங்கைக் கொஞ்சம் சிறிதாக வெட்டினால் உள்ளே சுருக்கம் விழாமல் அழகாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஹேண்ட்பேகுக்கு அது சரி. சந்தைப் பைக்குச் சரிப்படாது. லைனிங் சிறியதாக இருந்தால் அரிசியின் பாரம் முழுவதும் அந்தப் பழைய வேட்டித்துணி மேல்தான் விழும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் கனமான வெளித்துணியும் சேர்ந்து சுமக்கும். உள்ளே லேசாகச் சுருக்கம் தெரிந்தால் தெரியட்டும்.

மெஷினில் 16-ம் நம்பர் ஊசியும், பாலியஸ்டர் நூலும் போட்டுக்கொள்ளுங்கள். பிளவுஸ் தைக்கும் மெல்லிய ஊசி காடா துணியில் முறிந்துவிடும். முதலில் கைப்பிடிப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அயர்ன் செய்து, பிரித்து, இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி மடித்தால், ஒரு அங்குல அகலத்தில் நாலு மடிப்புப் பட்டை கிடைக்கும். இரு ஓரங்களிலும் தையல் ஓட்டுங்கள். இதைவிடக் குறுகினால் பாரத்தோடு நடக்கும்போது உள்ளங்கையை அறுக்கும்.

அடுத்து, வெளித்துணி இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூன்று பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். லைனிங்கும் அப்படியே. ஆனால், லைனிங்கின் அடிப்பக்கத்தில் நடுவே ஆறு அங்குலம் தைக்காமல் விட வேண்டும். பை முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரப்போகிறது. பை தட்டையாக உட்கார, கீழ் மூலையைப் பிடித்து, பக்கத்தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி முக்கோணமாக அழுத்துங்கள். தையல் முடியும் முனையிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, குறுக்கே சாக்பீஸில் கோடு போட்டால் அது நாலு அங்குலம் இருக்கும். கோட்டின்மேல் இரண்டு தரம் தைத்து, வெளியே நிற்கும் முக்கோணத்தை வெட்டிவிடுங்கள். நாலு மூலைக்கும் இதேதான்.

பை நீடிப்பதும் பிய்வதும் அடுத்த வேலையில்தான் இருக்கிறது. வெளிப்பையைத் திருப்பி, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள். கைப்பிடியின் இரு முனைகளையும் வாய்ப்பகுதியில், பக்கத்தையலிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி, வளையம் கீழே தொங்கும்படி குண்டூசியால் குத்துங்கள். பட்டை முறுக்கிக்கொள்ளாமல் பார்ப்பது முக்கியம். பலரும் பட்டை முனையைத் துணி ஓரத்தோடு சரியாக நிறுத்திவிடுவார்கள். பட்டையைப் பிடித்திருப்பது அப்போது அரை அங்குலத் தையல் மட்டுமே. தாம்பூலப் பை பிய்வதும் இதனால்தான். அதற்குப் பதில் முனை, துணி ஓரத்துக்கு மேலே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இப்போது இந்தப் பையை, உள்பக்கம் வெளியே தெரியும் லைனிங் பைக்குள் நுழையுங்கள். இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும். பக்கத்தையல்களைச் சேர்த்துப் பிடித்து, வாயைச் சுற்றி அரை அங்குலத்தில் தையுங்கள். கைப்பிடி வரும் நாலு இடத்திலும் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தரம்.

லைனிங்கில் விட்ட ஓட்டை வழியாகப் பையை வெளியே இழுங்கள். முதல்முறை தைப்பவர்களுக்கு, இந்தக் கசங்கல் மூட்டையா பையாகப் போகிறது என்று பயமாக இருக்கும். லைனிங்கை உள்ளே தள்ளியதும் பை உருவம் வந்துவிடும். ஓட்டையை மூடித் தைத்து, வாய் ஓரத்தை அயர்ன் செய்து, சுற்றிலும் ஒரு மேல்தையல் போடுங்கள். நீட்டி விட்ட அந்த இரண்டு அங்குலப் பட்டை இப்போது இரண்டு துணிகளுக்கும் நடுவே கீழ்நோக்கிப் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலமாகச் சின்னக் கட்டம் தைத்து, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். இந்த இடத்தில் ஆறேழு மடிப்பு சேரும். பெடலை மிதித்து ஓட்டாமல், சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினால் ஊசி தப்பிக்கும்.

மெஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். ஆனால், ஓட்டுத் தையல் போதாது. ஊசியை முன்னே எடுத்து, பாதி பின்னே வந்து குத்தி, மறுபடி முன்னே போகும் தையல்தான் பாரம் தாங்கும். இரட்டை நூல் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சாயங்கால வேலை.

தைத்து முடித்ததும் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, கெட்டியான ஆணியில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் நாலு கைப்பிடி முனைகளையும் பாருங்கள். எங்காவது நூல் இளகித் தெரிந்தால் அந்தக் கட்டத்தின்மேலேயே இன்னொரு சுற்று தைக்க வேண்டும். தக்காளி நசுங்கிய பையையும் மீன் வாங்கிய பையையும் உள்வெளியாகத் திருப்பி, லைனிங் பக்கம் சோப்பு போட்டுத் தேய்த்து, திருப்பியபடியே வெயிலில் காயவையுங்கள். அடிமூலைகளில் ஈரம் தங்கும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மடித்து வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம்.