ஆடரங்கும் எழுதுகோலும்

‘அரங்கு’ என்னும் சொல் தமிழில் இரண்டு இடங்களைக் குறிக்கும். வட்டு உருட்டி ஆடுவதற்குத் தரையிலோ பலகையிலோ வகுத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று. புலவர் தம் நூலை அவையோர் முன் எடுத்துரைக்கும் மன்றம் மற்றொன்று. திருவள்ளுவர் ‘கல்லாமை’ அதிகாரத்தின் முதற்குறளில், நிறைந்த நூலறிவின்றி அவையில் பேசப் புகுவதை, கட்டம் வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். ‘கழகம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. சூதாடும் இடத்தையும் கற்றோர் கூடும் அவையையும் அச்சொல் ஒருங்கே குறித்து வந்துள்ளது. ஆடுவோர் கூடும் இடமும் அறிவோர் கூடும் இடமும் நம் மொழியில் அண்டை வீடுகளாகவே இருந்திருக்கின்றன.

இச்சொல்லுறவை நினைவிற்கொண்டு இன்றைய செய்தி ஒன்றை ஆராய்வோம். உலகின் பெருநகரங்களில் ஆண்டுதோறும் விளையாட்டாளர் மாநாடுகள் நடைபெறுகின்றன. ‘கேமிங் கன்வென்ஷன்’ எனப்படும் இவற்றில் பந்தாட்டமோ ஓட்டப் பந்தயமோ இல்லை. பலகை ஆட்டம், சீட்டு ஆட்டம், பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டம், கணினி விளையாட்டு ஆகியவற்றை உருவாக்குவோரும் ஆடுவோரும் ஒன்றுகூடும் நிகழ்ச்சிகள் இவை. எழுத்தாளராக விரும்பும் இளைஞருக்கு இங்கே என்ன வேலை? இங்குச் சென்று வருவதால் எழுதும் ஊக்கம் நிலைக்குமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருங்குடியில் ஓய்ந்த எழுதுகோல்

இவ்வினாக்கள் நமக்குத் தொலைவானவை அல்ல. துறை மலரில் கவிதையும் சிறுகதையும் எழுதிய மாணவர் பலர், பட்டம் பெற்றபின் பெருங்குடி, தரமணி, துரைப்பாக்கம் ஆகிய பகுதிகளின் அலுவலகங்களில் பணியில் அமர்கின்றனர். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர்ப் பழைய மாமல்லபுரம் சாலையின் தோற்றமே மாறிற்று. 2011இல் பெருங்குடி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இளைஞர்களுக்கு ஊதியம் கிடைக்கிறது, குடும்பம் உயர்கிறது. எழுதும் கை மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது.

நேரமின்மையே காரணம் என்று பலரும் கூறுவர். அஃது உண்மையே எனினும் முழு உண்மையன்று. கல்லூரியில் படித்த காலத்தும் தேர்வுகள் இருந்தன. நீண்ட பேருந்துப் பயணம் இருந்தது. ஆயினும் எழுதினார்கள். எழுதியதைப் படிக்க ஓர் ஆசிரியர் இருந்தார். குறை சொல்ல ஒரு நண்பர் இருந்தார். இன்ன நாளுக்குள் தர வேண்டும் என்று மலர்க்குழு கெடு வைத்தது. அலுவலக வாழ்வில் இம்மூன்றும் இல்லை. வட்டு கையில் இருக்கிறது, கட்டம் வகுக்கப்படவில்லை.

மாநாடு பிறந்த வகை

இத்தகைய கட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்ட ஓர் அலுவலக ஊழியரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் கேரி கைகாக்ஸ். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய இவர், 1968இல் அவ்வூர் மண்டபம் ஒன்றை 50 டாலர் வாடகைக்கு எடுத்தார். போர் ஆட்டங்களில் ஈடுபாடு கொண்ட ஏறத்தாழ நூறு பேர் அங்குக் கூடினர். ஊர்ப் பெயரை ஒட்டி ‘ஜென் கான்’ என்று அக்கூட்டம் பெயர் பெற்றது. மறு ஆண்டுக் கூட்டத்தில் டேவ் ஆர்னசன் என்னும் இளைஞரைக் கைகாக்ஸ் சந்தித்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளிவந்ததே ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் கதை ஆட்டம்.

இவ்வாட்டத்தின் இயல்பை அறிந்தால் எழுத்தாளருக்கும் இதற்கும் உள்ள உறவு விளங்கும். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை சொல்பவர். காடு, கோட்டை, எதிரே நிற்கும் பகைவர் என்று அவர் விவரித்துச் செல்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்பர். அது வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதைசொல்லி தான் எண்ணி வந்த முடிவைக் கைவிட்டு, அங்கேயே புதுவழி காண வேண்டும். கேட்போர் சலிப்படைந்தால் அவர்கள் முகமே அதைக் காட்டிவிடும். ரேமண்ட் ஃபைஸ்ட் 1982இல் வெளியிட்ட ‘மஜீசியன்’ என்னும் புதினத்தின் உலகம், கலிபோர்னியாவில் அவருடைய பல்கலைக்கழக நண்பர்கள் கூடி ஆடிய இத்தகைய ஆட்டத்தில் உருவானதேயாகும்.

கணினி விளையாட்டுத் துறையிலும் இதுவே வரலாறு. கிறிஸ் கிராஃபோர்டு என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர் 1988இல் சான் ஹோசே நகரில் தம் வீட்டு வரவேற்பறையில் முப்பதுக்கும் குறைவான தோழர்களைக் கூட்டினார். இன்று சான் பிரான்சிஸ்கோவில் நடைபெறும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டின் தொடக்கம் அதுவே. ஜென் கான் மாநாட்டிற்கோ இண்டியானாபோலிஸ் நகரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். வாடகை மண்டபமும் வரவேற்பறையுமே இப்பெருங்கூட்டங்களின் வித்து என்பது மறக்கத்தக்கதன்று.

நம் மண்ணின் அரங்குகள்

ஆட்டமும் பாட்டும் ஓர் அவையில் கூடுவது நமக்கும் புதிதன்று. அவதானக் கலையை எண்ணிப் பாருங்கள். ஒரே வேளையில் சதுரங்கம் ஆட வேண்டும். மணியோசையை எண்ண வேண்டும். அவையிலிருந்து ஒருவர் தரும் ஈற்றடிக்கு வெண்பாவும் முடிக்க வேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களைக் கொண்ட சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். அவதானிக்கு ‘இன்று மனம் வரவில்லை, நாளை எழுதுகிறேன்’ என்று சொல்லும் வாய்ப்பே இல்லை. அவை காத்திருக்கிறது, நேரம் ஓடுகிறது, அருகில் அறிந்தோர் அமர்ந்திருக்கின்றனர்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் போட்டிக்கு 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தனர். 2011இல் தில்லியில் தொடங்கிய காமிக் கான் விழா, 2024 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த அவ்விழாவில் படக்கதைகளோடு விளையாட்டுகளும் இடம்பெற்றன. பெருங்குடியிலிருந்து நந்தம்பாக்கம் வேளச்சேரி, கிண்டி வழியே சென்று வரக்கூடிய தொலைவுதான்.

‘எழுத்தாளருக்குப் புத்தகக் காட்சி போதாதா?’ என்று சிலர் வினவலாம். 1977இல் அண்ணா சாலையை ஒட்டிய மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியின் பெருமை பெரிது. ஆயினும் அங்கே நாம் காண்பது முடிந்த நூல். விளையாட்டாளர் மாநாட்டில் முடியாத படைப்பும் மேசைக்கு வருகிறது. சோதனை ஆட்டம் என்னும் வழக்கம் அங்கு உண்டு. படைத்தவர் தம் ஆட்டத்தை முன்பின் அறியாதவர் கையில் கொடுத்துவிட்டு வாய் திறவாமல் பார்த்திருக்க வேண்டும். எவ்விடத்தில் அவர்கள் திகைக்கிறார்கள், எவ்விடத்தில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வீடு திரும்பித் திருத்த வேண்டும். எழுத்தாளர் இவ்வழக்கத்தைக் கற்றுக்கொண்டால் அதுவே பெரும்பேறு.

‘வெண்பா’ பெற்ற பரிசு

தமிழ் வாழ்வை எழுதினால் உலக அரங்கு ஏற்குமா என்னும் ஐயத்திற்கு விடையாக ஒரு விளையாட்டு வந்துள்ளது. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்ட கணினி விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய தாய் ஒருத்தியின் பெயர் அது. அவளுடைய அன்னை எழுதித் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். மகனோ தாய்மொழியிலிருந்து மெல்ல விலகிச் செல்கிறான். போரும் பந்தயமும் இல்லாத இக்கதை, 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டையொட்டி வழங்கப்படும் தனிப்படைப்பாளர் விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. அடுத்த மாதமே பிரித்தானியத் திரைக்கலைக் கழகமான பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டு என்னும் விருதை அளித்தது.

இதிலிருந்து நம் மாணவர் அறிய வேண்டியது ஒன்று. கணினி விளையாட்டிற்கும் உரையாடல் எழுத ஒருவர் வேண்டும். தாய் மகனைக் கடிந்துகொள்ளும் தொனியும் கணவன் தயங்கும் தயக்கமும் சொற்களில்தாம் வாழ்கின்றன. தமிழ் கற்றவர்க்கு அங்கும் ஓர் இருக்கை உண்டு.

ஊக்கம் நிலைக்கும் வழி

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். மாநாடு ஊக்கத்தைத் தருமா? தரும், ஆனால் அது சிறிது காலமே நிற்கும். கூட்டத்தில் பற்றிய சூடு, திங்கட்கிழமை அலுவலகம் சென்றதும் தணியத் தொடங்கும். எழுத்தைப் பற்றிப் பேசிய நிறைவே எழுதிய நிறைவாக மயக்குவதும் உண்டு. மாநாட்டுக்கு மாநாடு சென்று, அடையாள அட்டைகளைச் சேர்த்து, ஒரு பக்கமும் எழுதாதவர் எந்நாட்டிலும் உளர்.

ஆகலின் செல்வதற்கு முன்னரே சிறிய படைப்பொன்றை முடித்து எடுத்துச் செல்வது நன்று. எடுத்துக்காட்டாக, ஆடுபுலி ஆட்டத்தின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் கூடும் இருபத்து மூன்று இடங்கள், இவ்வளவே. ஆயினும் அவ்வாட்டத்தை அறியாத ஒருவர், நம்மிடம் எதுவும் கேட்காமல் படித்து ஆடும்படி எழுதுவது எளிதன்று. தெளிவுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நாம் அறியோம்.

மாநாட்டில் எல்லாக் கூடங்களையும் சுற்றாமல் இரண்டு மூன்று மேசைகளில் நிலைத்து அமர வேண்டும். கேட்டதையும் கண்டதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். திரும்பிய மூன்று நாட்களுக்குள் அக்குறிப்புகளிலிருந்து இரண்டு பக்கமேனும் எழுதிவிட வேண்டும். எழுதியதை இன்னார்க்கு இன்ன நாளில் காட்டுவேன் என்று அங்கேயே ஒருவரிடம் சொல்லி வர வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பது நம் பண்பாடு. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை எளிதில் மறக்கும் மனம், பிறர்க்குச் சொன்னதை அவ்வாறு மறப்பதில்லை.

பெரியோர் ஐயம்

‘விளையாட்டுக் கூட்டம் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சூதில் தள்ளிவிடாதீர்கள்’ என்று நம் சமுதாயப் பெரியோர் கவலைப்படுவது இயல்பு. அக்கவலை மதிக்கத்தக்கது. சூது மார்க்கத்தில் விலக்கப்பட்டது; வள்ளுவரும் அதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார். பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்ததை நாம் கண்டோம். 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் இயற்றியது. நாம் இங்குப் போற்றுவது பணயமில்லாத ஆட்டத்தை. பணம் வைக்குமாறு கேட்கும் மேசையிலிருந்து எழுந்துவிட வேண்டும். இவ்வரையறை உறுதியாக இருக்குமாயின், பெரியோர் தாமே பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லலாம். பல்லாங்குழியும் பரமபதமும் பற்றி அங்குச் சொல்வதற்கு அவர்களிடம்தான் செய்தி மிகுதி.

சிறு மேசை போதும்

பெரிய மாநாடு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. எஞ்சிய நாட்களுக்கு என்ன செய்வது? மயிலையில் ஏறியவர் பறக்கும் ரயிலில் திருவான்மியூர், தரமணி கடந்து பெருங்குடியில் இறங்கலாம். 2007இல் அவ்வழி திறக்கப்பட்டபின் பழைய சென்னைக்கும் புதிய சென்னைக்கும் இடைவெளி குறைந்துவிட்டது. பெருங்குடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர் நால்வர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஒருவர் வீட்டில் கூடட்டும். ஒரு மணி நேரம் ஆடட்டும். மறு மணி நேரம் அவரவர் எழுதி வந்ததைப் படிக்கட்டும். எழுதாமல் வந்தவர் அன்று தேநீர் தயாரிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். கைகாக்ஸ் மண்டபத்தையும் கிராஃபோர்டு வரவேற்பறையையும்விட இது சிறிய தொடக்கமாக இருக்கலாம்; ஆயினும் தொடக்கம்தான்.

மாணவச் செல்வங்களே, ஊக்கம் வரட்டும், பிறகு எழுதுவோம் என்று காத்திராதீர்கள். படிப்பவர் ஒருவர், உடன் எழுதுபவர் ஒருவர், குறித்த நாள் ஒன்று, இம்மூன்றையும் முதலில் தேடிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மலரின் பொருளடக்கத்தில் இன்றைய மாணவர் பெயர்களோடு பெருங்குடியிலிருந்து எழுதும் முன்னாள் மாணவர் பெயர்களும் இடம்பெற வேண்டும் என்பது நம் விழைவு. அதற்குரிய பக்கங்களை மலர்க்குழுவினர் இப்பொழுதே ஒதுக்கி வைப்பார்களாக.