மாணவர் இதழும் விளம்பர நெறியும்

கல்லூரி மலர்களின் இறுதிப் பக்கங்களை ஊன்றிப் படிப்போர் குறைவு. எனினும், ஏனைய பக்கங்களைத் தாங்கி நிற்பவை அவையே. ஒசூர்ச் சிப்காட் தொழிற்கூடங்களும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளும் எல்லையோரக் கடைத்தெருக்களும் தரும் விளம்பரங்களை நம்பியே இப்பகுதி மாணவர்கள் இதழ் நடத்த முற்படுகின்றனர். அவ்விளம்பரங்களை ஏற்பதற்கு நெறியொன்று வேண்டாவா என்பதே நம் வினா.

மாணவர் இதழியல் வரலாற்றில் 1878 குறிப்பிடத்தக்க ஆண்டாகும். அமெரிக்காவில் 'யேல் டெய்லி நியூஸ்' என்னும் பல்கலைக்கழக மாணவர் நாளேடு அவ்வாண்டில் தோன்றியது. செப்டம்பர் 20இல் சென்னையில் 'தி இந்து' வார இதழாக வெளிவந்தது. அதனைத் தொடங்கிய இளைஞர் அறுவருள் நால்வர் சட்ட மாணவர். கடனாகப் பெற்ற ஒரு ரூபாய் பன்னிரண்டணாவில் 80 படிகளை அவர்கள் அச்சிட்டனர்.

பல்கலைக்கழகப் பணத்தை நம்பாது, விளம்பர வருவாயால் வாழும் ஏடு நிருவாகத்தைத் துணிந்து வினவலாம். ஆயின், ஒரு பிடியினின்று விடுபட்டது மற்றொரு பிடியில் சிக்கவும் கூடும். அமெரிக்கக் கல்லூரி ஏடுகள் பலவும் சிகரெட் விளம்பரங்களைச் சார்ந்திருந்தன. 1963இல் புகையிலை நிறுவனங்கள் அவற்றை நிறுத்தியபோது அவ்வேடுகள் தடுமாறின.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. காந்தியடிகளின் 'யங் இந்தியா' விளம்பரங்களையே ஏற்கவில்லை. அவர் 1922இல் சிறைப்பட்டபின் அதன் ஆசிரியப் பொறுப்பைச் சிலகாலம் ஏற்றவர், நம் ஒசூரையடுத்த தொரப்பள்ளியில் அதே 1878இல் பிறந்த இராஜாஜி. ஆயினும், வாசகர் தரும் தொகையால் மட்டுமே வாழும் வலிமை மாணவர் இதழுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

நாம் முன்னர்ப் பொறுப்பேற்றிருந்த மாணவர் இதழொன்றில் வெளிநாட்டு வேலை விளம்பரம் ஒன்று வெளிவந்தது. "நம் கல்லூரி இதழில் வந்ததாயிற்றே" என நம்பிய மாணவர் ஒருவர் முன்பணம் கட்டினார், அது திரும்பவேயில்லை. அப்பக்கத்திற்கு நாம் பெற்ற தொகையினும் அவர் இழந்தது பன்மடங்கு. விளம்பரதாரர் சொல்லை நம்பிய அவர், உண்மையில் நம்மையே நம்பினார் என்பதை அன்று உணர்ந்தோம்.

எனவே, நெறிகளை எழுத்தில் வகுத்துக்கொள்ளுதல் நலம். வேலைவாய்ப்பு முகவரிடம், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்தபின்னரே விளம்பரத்தை ஏற்க வேண்டும். புகையிலை விளம்பரத்தை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மதுவையும் சூதையும் நாமே தடுக்க வேண்டும். விளம்பரம் செய்தியின் தோற்றத்தில் வருதல் கூடாது. கட்டணம் அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வரவுசெலவைத் துறையில் வெளிப்படையாக வைத்தல் வேண்டும்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. இன்று விளம்பரம் கேட்டு நிற்கும் ஆலை வாயிலிலேயே நாளை நம் மாணவர் வேலை கேட்டும் நிற்பர். அதனால், ஒப்பந்தத் தொழிலாளர் நிலை பற்றியோ ஏரி நீர் மாசு பற்றியோ எழுதும் மாணவரின் கை தானாகவே தயங்கும். அத்தயக்கத்தைப் போக்குவது ஆசிரியர், பெரியோர் கடன். விளம்பரதாரர் தரும் பணம் பக்கத்திற்கான விலையேயன்றிப் பேனாவிற்கான விலையன்று என்பதை மாணவர்க்கு நாம் உறுதிப்படுத்துவோமாக.