கலப்பையில் சுற்றிக்கொள்ளும் வைக்கோல்!

காஞ்சீபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டாரத்தில் நெல்தான் முக்கியப் பயிர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள் உண்டு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க இடைவெளி கொஞ்சம்தான்.

முன்பு ஆட்கள் அரிவாளால் அடியோடு அறுத்தார்கள். வைக்கோல் களத்துக்குப் போய்ப் போராக நின்றது. இன்றோ வாலிபர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அறுப்பது எந்திரம். அது நெல்லை எடுத்துக்கொண்டு, தாளை உயரமாக நிறுத்திவிட்டு, வைக்கோலை வயலிலேயே கொட்டிவிட்டுப் போகிறது.

காய்ந்த வைக்கோல் மாட்டுக்கு ஆகும், விலைக்கும் போகும். மழையில் நனைந்தால்? வாங்க ஆள் இல்லை. பழைய டிராக்டரை இறக்கினால், பத்தடி போவதற்குள் கலப்பை அடைத்துக்கொள்கிறது. தீ வைத்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம்! பஞ்சாப், ஹரியானா வயல்களில் அக்டோபர், நவம்பரில் வைக்கும் தீயின் புகை டில்லிவரை போய் மூச்சை அடைக்கிறது. வைக்கோலில் உள்ள தழைச்சத்தும் புகையோடு போய்விடுகிறது.

புதுக் கலப்பை வாங்க வேண்டுமா? அவசியமில்லை.

ஒன்பது கொத்துக் கலப்பையை முதலில் இறக்காதீர்கள். சீப்பில் முடி சிக்குவதுபோல் வைக்கோல் சிக்கும். சட்டிக் கலப்பைதான் ஏற்றது. சட்டி உருண்டுகொண்டே வெட்டும். ஆனால் விளிம்பு மழுங்கிய சட்டி வெட்டாது. வைக்கோலை மண்ணுக்குள் மடித்து அழுத்திவிட்டு மேலே ஏறிவிடும். பட்டறையில் தீட்டுங்கள். சட்டி தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பேரிங்கைக் கவனியுங்கள்.

அடுத்தது சாய்மானம். சட்டி பின்புறம் சாய்ந்திருக்கும் அளவு 15 முதல் 25 டிகிரி. நிமிர்த்தினால் ஆழமாக இறங்கும். சாய்த்தால் மேலோடு போகும். வைக்கோல் கனமாக இருந்தால் 15-ஐ ஒட்டி வையுங்கள். சட்டியில் ஒட்டும் மண்ணை வழிக்கும் தகடு, சட்டியை உரசாமல் நெருங்கி நிற்கட்டும்.

பிறகு, ஓட்டுநர்கள் 'டாப் லிங்க்' என்று சொல்லும் மேல் தண்டு. முன் சட்டியும் பின் சட்டியும் ஒரே ஆழம் போகும்வரை அதைத் திருகுங்கள். கலப்பையை டிராக்டரோடு மூன்று இடத்தில் பிணைக்கும் இந்த முறையைப் பரப்பியவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். அவர் பெயர் தாங்கிய டிராக்டர்கள் நம் ஊர்களில் இன்றும் ஓடுகின்றன!

எதைத் திருகுவதானாலும் எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பையைத் தரையில் இறக்கி வையுங்கள். தூக்கிய கலப்பைக்கு அடியில் கை வைக்கவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

உழுத உடனே நாற்று நடவேண்டாம். வைக்கோல் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அந்த இடைவெளி கிடைக்க, அறுப்பு முடிந்ததுமே உழவைத் தொடங்க வேண்டும். அதற்காக விடியற்காலையில் டிராக்டரை இறக்காதீர்கள். பனியில் நனைந்த வைக்கோல் வெட்டுப்படாது, வெயில் ஏறட்டும்.