அறுத்தால்தான் வாழும் நாணல்காடு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் என்றொரு மாவட்டம். ஏப்ரல் மாத விடியற்காலையில் அதன் சதுப்புகளில் ஒரு சத்தம் கேட்கும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரிச் சத்தம். காற்றடிக்காத நாளில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் காதிலும் விழும். எழுப்புவது பெரிய குருகு என்ற பறவை. பிட்டர்ன் என்பது ஆங்கிலப் பெயர். கொக்குக் குடும்பம், பழுப்பு உடம்பு, அதில் கறுப்புக் கோடுகள்.

ஆண் குருகு காற்றை உள்ளிழுத்து உணவுக்குழாயை உப்ப வைத்து, கழுத்துத் தசைகளை இறுக்கி அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறது. பிறக்கும் ஒலியின் அதிர்வெண் நொடிக்கு 200-க்கும் கீழே. அதாவது ஒலியலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். நாணல் தண்டு விரல் பருமன்கூட இல்லை. கீச்சுக்குரலாக இருந்தால் தண்டுக்குத் தண்டு மோதிச் சிதறிவிடும். இந்த நீண்ட அலைக்கு அத்தனை தண்டுகளும் இல்லாதது போலத்தான். நாணலுக்குள் ஒளிந்து வாழும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான குரல் அமையாது. ஆளைக் கண்டால் அலகை வானத்துக்கு நீட்டி, நாணல் அசையும்போது தானும் அசையும். பத்தடிக்குள் நின்றாலும் கண்ணில் படாது. அதனால் இதைக் கணக்கெடுப்பவர்கள் காதைத்தான் நம்புகிறார்கள். ஒவ்வொரு ஆணின் குரலும் தனி. ஒலிப்பதிவை ஒப்பிட்டால் எது எந்தப் பறவை என்று பிரித்துவிடலாம்.

1880-களில் இந்தக் குரல் பிரிட்டனில் அடங்கிப்போனது. சதுப்புகளை வடித்து வயலாக்கினார்கள். மிஞ்சிய பறவைகளைக் கறிக்காகவும் பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் சுட்டார்கள். 1911-இல்தான் மறுபடி ஒரு குஞ்சு கிடைத்தது. கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எம்மா டர்னர். நார்ஃபோக் ஏரியில் படகு வீட்டில் தங்கிப் பறவைகளைப் படமெடுத்த பெண்மணி. குஞ்சையும் படமெடுத்தார், யாரும் சந்தேகப்பட முடியாதபடி.

1926-இல் அதே மாவட்டத்தில் கடலோரக் கிளே சதுப்பு ஏலத்துக்கு வந்தது. சிட்னி லாங் என்ற மருத்துவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுமார் 400 ஏக்கரை 5,000 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினார். பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடமாக அது என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நார்ஃபோக் இயற்கை ஆர்வலர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிரிட்டனில் மாவட்ட அளவில் அமைந்த முதல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அது. அடுத்தது யார்க்ஷயரில் தொடங்க இருபது வருடம் ஆயிற்று. இன்று இத்தகைய சங்கங்கள் நாற்பதுக்கு மேல்.

நிலத்தை வாங்கி வேலி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை. நாணல் ஒவ்வொரு குளிர்காலமும் காய்ந்து சாய்கிறது. சாய்ந்த தாள் தண்ணீருக்குள் அரைகுறையாக மக்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்து, தரையை உயர்த்துகிறது. தண்ணீர் வற்றிய மேட்டில் வில்லோவும் பிர்ச்சும் முளைக்கின்றன. சும்மா விட்டால் சில பத்தாண்டுகளில் நாணல்காடு மரக்காடாகிவிடும். மீன் இல்லை, விலாங்கு இல்லை, குருகும் இல்லை. வேலியை யாரும் தாண்டாமலேயே சதுப்பு அழிந்துபோகும்.

இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? ஆட்கள் அறுத்ததால். நார்ஃபோக் நாணல் கூரை வேய்வதற்குப் பேர்போனது. குளிரில் இறங்கி, காய்ந்த தாளை அடியோடு அறுத்துக் கட்டுக்கட்டாகக் கரையேற்றுவார்கள். மக்குவதற்குத் தாள் மிஞ்சாது. இன்னொரு வேடிக்கை, இந்த மாவட்டத்தின் பிராட்ஸ் ஏரிகளே இயற்கையானவை அல்ல. 1950-களில் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் ஏரிப் படுகைகளில் வரிசையாகத் துளையிட்டுப் பார்த்தார். கரை செங்குத்தாக இறங்கியது, அடித்தளம் தட்டையாக இருந்தது. இயற்கை ஏரிக்கு அப்படி இருக்காது. இடைக்கால மக்கள் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிய குழிகள் அவை. பிறகு நீர்மட்டம் உயர்ந்து நிரம்பிவிட்டன.

கூரைக்கு ஓடும் தகரமும் வந்து அறுப்பு குறைந்ததும் குருகும் குறைந்தது. 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் குரல் கொடுத்த ஆண் குருகுகள் 11 மட்டுமே. பின்பு சங்கங்கள் மும்முரமாக இறங்கின. மேடேறிய இடங்களை வெட்டித் தாழ்த்தினார்கள், மரங்களைப் பிடுங்கினார்கள், மீன் ஒதுங்க வாய்க்கால் தோண்டினார்கள், நாணலை முறைபோட்டு அறுத்தார்கள். முறைபோடுவது முக்கியம், குருகு கூடு கட்டுவது தண்ணீரில் நிற்கும் பழைய நாணலில். எல்லாவற்றையும் ஒரே வருடம் அறுத்தால் கூட்டுக்கு இடமிருக்காது. இன்று ஆண் குருகுகள் 200-க்கு மேல்.

பலன் பறவைக்கு மட்டுமில்லை. நம் தோட்டத்துக் கறிவேப்பிலை அழகியின் நெருங்கிய உறவான ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி, பிரிட்டனில் இந்த பிராட்ஸ் ஏரிப் பகுதியை விட்டால் வேறெங்கும் நிலையாக வாழ்வதில்லை. அதன் புழு அங்கே தின்பது கேரட் குடும்பத்துச் சதுப்புச் செடி ஒன்றைத்தான். அறுத்து வெளிச்சம் விட்ட இடத்தில்தான் அந்தச் செடி தழைக்கும்.

ஆனால் கடலை அரிவாளால் நிறுத்த முடியாது. 1953 ஜனவரியிலும் 2013 டிசம்பரிலும் புயலலை கிளே சதுப்புக்குள் புகுந்தது. உப்பு ஏறினால் நன்னீர் மீன் சாகும்; குருகு பட்டினி கிடக்கும். கடலோரத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதால் உள்நாட்டிலும் நாணல்காடு உண்டாக்கினார்கள். பக்கத்துச் சஃபோக் மாவட்டத்து லேக்கன்ஹீத்தில், 1990-களின் நடுவில், பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் கேரட் விளைந்த வயல்களை வாங்கித் தண்ணீர் தேக்கி நாணல் நாற்று நட்டது. 2009-இல் அங்கே பெரிய குருகு கூடு கட்டியது. நிலம் வாங்கும் பணத்தை ஒரு முறை திரட்டினால் போதும். அறுப்புக் கூலியை வருடா வருடம் திரட்ட வேண்டும். இப்படிப்பட்ட சங்கங்களுக்கு உதவ நினைப்பவர்கள் இரண்டாவதற்குக் கொடுப்பதே நல்லது.