டாக்டர் மாறினால் ஆயுள் குறையுமா?

வயதானவர்களுக்கு டாக்டர் மாறிக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையுமா? வேடிக்கைக் கேள்வி அல்ல. ஹாலந்து நாட்டில் இதை 17 ஆண்டுகள் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டாக்டர் உண்டு. தலைவலியானாலும் மூட்டுவலியானாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அவர் சீட்டுக் கொடுத்த பிறகே பெரிய ஆஸ்பத்திரி.

60 வயது தாண்டிய 1,712 பேரை 1992 முதல் கவனித்தார்கள். சிலருக்குக் கடைசிவரை ஒரே டாக்டர். சிலருக்கு டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. ஒரே டாக்டரிடம் போனவர்களைவிட, அதிகமாக மாறியவர்களிடையே சாவு சுமார் 20 சதவீதம் அதிகம்!

என்ன காரணம்? கிழவர்கள் நோயை மறைப்பார்கள். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். (நம் வீட்டுத் தாத்தாவும் இதைத்தானே சொல்கிறார்!) புது டாக்டர் அதை நம்பிவிடுவார். பழகிய டாக்டர் நம்பமாட்டார். போன மாதம் விறுவிறுவென்று நடந்துவந்த பாட்டி, இன்று வாசற்படியிலேயே மூச்சு வாங்குகிறாள் என்பது அவர் கண்ணில் பட்டுவிடும். எந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் அவருக்கு நினைவிருக்கும்.

இதனால் டாக்டர் எமனைத் தடுத்துவிட்டார் என்று அர்த்தமல்ல. நோய் முற்றியதால் டாக்டரை மாற்றியவர்களும் இருக்கலாம் அல்லவா? அப்படி வேறு காரணங்களையும் தேடிப் பார்த்தார்கள். வித்தியாசம் மறையவில்லை.

நார்வேயில் 2001 முதல் ஆளுக்கொரு டாக்டர் என்பது அரசாங்க ஏற்பாடு. ஆனால் 2022-ல் அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சொந்த டாக்டர் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.